கோழி திறக்கப் போனவர்

நீங்கள் விழிக்குமுன் உங்கள் கை விழித்துக்கொண்டது உண்டா? இல்லையென்றால், உம்மு குல்சூம் விதவையா இல்லையா என்ற தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். அந்தத் தீர்ப்பைச் சொல்ல அவளைச் சுற்றி ஒரு முகாம் நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

கற்பிட்டிக்குப் போகும் வீதியோரத்தில் இருந்தது அந்த அகதி முகாம். உப்புக் காற்று கூரை வேய்ந்த கிடுகு ஓலைகளைத் தின்றுகொண்டிருந்தது. அங்கே ஒரு குடிசையில் அவளும் மகள் ஜெமீலாவும் மூன்று வருடமாக இருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் துப்பாக்கிக்காரர்கள் முஸ்லிம்களை ஊரைக் காலிசெய்யச் சொன்னபோது, மன்னார்ப் பக்கத்துக் கரையொன்றிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர்கள். ஜெமீலாவின் வாப்பா முத்தலிபு அந்த வள்ளத்தில் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். கரையில் மூட்டைகளோடு நின்றபோது உம்மு குல்சூமுக்குக் கோழிகளின் நினைவு வந்தது. விடிய எழும்பிக் கூட்டின் பலகையை மேலே தூக்கிவிடுவது அவளுடைய வேலை. அன்று விடியுமுன்பே அறிவித்தல் வந்த பதற்றத்தில் மறந்துவிட்டாள். கோழிகள் அடைபட்டே செத்துப்போகும், ஓடிப்போய்த் திறந்துவிட்டு வாருங்கள் என்று புருஷனிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"நம்மளயே ஊர உட்டுத் தொரத்துறானுவ. ஒனக்குக் கோழிட கவலையா?"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். பத்து நிமிட நடை. வள்ளம் ஒரு மணித்தியாலம் காத்திருந்தது. அதற்குமேல் கரையில் நின்ற துப்பாக்கிகள் காத்திருக்க விடவில்லை. முத்தலிபுவுக்கு என்ன ஆனது என்று கண்டவர் ஒருவரும் இல்லை.

தொண்ணூற்று மூன்றில், கணவனை இழந்த பெண்களுக்குக் காணியும் கல்வீடும் கொடுக்க ஓர் உதவி நிறுவனம் முன்வந்தது. படிவத்தில் இரண்டு பெட்டிகள்தான்: கணவருடன் வாழ்பவர், விதவை. முகாம் குழுத் தலைவர் பதியுதீன் கெட்ட மனிதர் அல்ல. முகாமில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவருடைய சைக்கிள்தான் ஓடும். விதவை என்ற பெட்டியில் அடையாளம் போட்டால் ஜெமீலா ஒழுகாத கூரைக்குக் கீழே படுப்பாள் என்றார்.

உம்மு குல்சூமுக்கு அது தெரியாமலா? ஆனால் விதவை என்று எழுதினால் அவர் மௌத்து, இறந்துவிட்டார், என்றாகும். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இத்தா இருக்கவேண்டும். இருந்தால் வெங்காயத் தோட்டத்துக் கூலி நின்றுபோகும். இரண்டு வயிறும் காயும். இருக்காவிட்டால் முகாமின் வாய் சும்மா இராது. பள்ளிவாசலில் கேட்டதற்கு, அடக்க மையித்தும் இல்லை, சாட்சியும் இல்லை, நீ இன்னும் அவருடைய மனைவிதான், பொறுத்திரு என்றார்கள். எத்தனை வருடம் என்று கேட்டாள். பொறுத்திரு என்றே மறுபடியும் சொன்னார்கள்.

"படிவத்துக்கு இத்தா கெடையாது தங்கச்சி. கையெழுத்துப் போட்டுட்டு நீ ஒன்பாட்டுக்கு இரி" என்றார் பதியுதீன்.

"காயிதத்துல நான் அவர மௌத்தாக்கிட்டு, பொறவு யாருக்காக நோன்பு தொறக்கக்குள்ள துஆ கேக்கிற காக்கா?"

அண்ணன் முறை வைத்து அவள் கூப்பிட்ட அந்தக் காக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். மார்க்கம் ஒரு தீர்ப்பு, குழு ஒரு தீர்ப்பு, தண்ணீர் வரிசையில் நின்ற பெண்கள் ஆளுக்கொரு தீர்ப்பு. அவளுக்கு அது எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தெரியாததைக் கேட்காமலே முடிவுகட்டுவதைத்தான் நம் நாட்டில் அறிவு என்கிறார்கள்.

கேட்டது உடப்பு என்ற ஊரிலிருந்து வந்த ஞானேஸ்வரி. பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்துவிட்டு, அதே நிறுவனத்துக்காக நாற்பத்திரண்டு கேள்விகளோடு குடிசை குடிசையாக ஏறி இறங்கியவள். தோற்றப்பாட்டியல் என்றொரு முறையை அவள் படித்திருந்தாள். பெயர்தான் பயமுறுத்தும், சங்கதி எளிது. ஒரு மனிதருக்கு நடந்ததை, அவருக்கு அது எப்படித் தோன்றுகிறதோ அப்படியே முதலில் கேட்டு எழுதவேண்டும். காரணம், தீர்ப்பு, பரிதாபம், நமக்கு ஏற்கெனவே தெரியும் என்ற மிதப்பு எல்லாவற்றையும் செருப்பைப்போல வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். இது எண்ணிக்கைக்கு எதிரி அல்ல. எண்ணுமுன் எதை எண்ணுகிறோம் என்று பார்க்கச் சொல்லும் நேர்மை.

ஏழாவது கேள்வி அந்த இரண்டு பெட்டி. உம்மு குல்சூம் வாயைத் திறக்கவில்லை. ஞானேஸ்வரி படிவத்தை மடித்து வைத்து, அக்கா முறையில் கேட்டாள்.

"இண்டைக்கு விடிய எழும்பினதிலயிருந்து நடந்ததச் சொல்லுங்கோ ராத்தா. ஏன் எண்டு நான் கேக்கமாட்டன்."

கேலியோ என்று உம்மு குல்சூம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, படித்த பெண் என்பதால் டீச்சர் என்று கூப்பிட்டு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"எனக்கு முந்தி என்ட கை எழும்பிரும் டீச்சர். இந்த வலது கை. பலகையத் தூக்குற மாதிரி மேல போவும். கண்ணு தொறக்காது. கூடு இல்ல, ஊடு இல்லண்டு அந்தக் கைக்குத் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் அவரு போய்க்கிட்டு இருக்காரு. சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு, முதுகு தெரியுது. மௌத்தாகவும் இல்ல, திரும்பி வரவும் இல்ல. போய்க்கிட்டே இருக்காரு. பொறவு கண்ணு தொறக்கும். நான்தானே அனுப்பினன்."

வெளியே வெங்காயத் தோட்டத்து உழவு இயந்திரம் ஆட்களை ஏற்ற வந்து நின்றது. அன்று அவள் போகவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுக் கதைத்தாள். கை எவ்வளவு உயரம் போகும், எந்த விரல் முதலில் மடியும், முதுகின் எந்தப் பக்கம் வெயில் விழும் என்றெல்லாம் சொன்னாள். ஞானேஸ்வரி படிவத்தின் பின்பக்கத்தில் தொடங்கி மூன்று தாள் எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டினாள். ஓரிடத்தில் உம்மு குல்சூம் திருத்தினாள்: "போய்விட்டார்" அல்ல, "போய்க்கொண்டிருக்கிறார்". ஏழாவது கேள்விக்குக் கீழே ஞானேஸ்வரி மூன்றாவது பெட்டி ஒன்றை வரைந்து அந்த வார்த்தையை எழுதினாள். உம்மு குல்சூம் அதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள். தன் வாயால் சொன்னதற்குக் கீழே அவள் போட்ட முதல் கையெழுத்து அது.

இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. உம்மு குல்சூமின் பெயருக்கு நேரே கணவர் என்ற நிரலில், "தகவல் இல்லை". ஆகவே காணியும் இல்லை.

மூன்று தாள் தகவல்! அதை ஒருவராவது புரட்டிப் பார்த்தாரா? ஞானேஸ்வரி கொழும்புக்குப் போய்ச் சண்டை பிடித்தாள். வரைந்த பெட்டிகளைப் பதியமுடியாது என்றார்கள். அந்தத் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு முகாமுக்கு வந்து விசயத்தைச் சொன்னாள். உம்மு குல்சூம் காணியைப் பற்றிக் கேட்கவில்லை.

"எழுதினதக் கிழிச்சிப் போட்டாங்களா?"

"இல்ல ராத்தா. இந்தா இருக்கு."

அவள் அதை வாங்கிப் பொலித்தீன் பையில் சுற்றி, மழை படாத ஒரே மூலையில், குர்ஆன் வைத்திருந்த பெட்டிக்குள் வைத்தாள். அந்த மாரியில் குடிசையின் பாதிக் கூரை சரிந்தது. ஜெமீலா மூச்சுத்திணறி ஈளை இழுத்து ஒன்பது நாள் கிடந்து எழும்பினாள். அப்போதும் உம்மு குல்சூம் விதவை என்று எழுதிக்கொடுக்கவில்லை. விடியலில் அந்த ஓலைக்கூரையின் அடியில் அவள் கை மேல்நோக்கிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கரையில் இன்னும் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. ஒரு நாள் உங்கள் கையிலும் ஒன்று வரும், எதிரே ஒருவர் வாய்மூடி உட்கார்ந்திருப்பார். அப்போது பேனையை மூடுங்கள். இன்று விடிய என்ன நடந்தது என்று கேளுங்கள். சொல்வதைச் சொன்னபடியே எழுதி, வாசித்துக் காட்டித் திருத்தம் வாங்குங்கள். பெட்டி இல்லையென்றால் வரையுங்கள். வரைந்த பெட்டியைப் பதியமுடியாது என்று சொல்லும் மேசைக்கு முன்னால், பதியும்வரை எழும்பாமல் உட்காருங்கள்.