குடத்தை விடாதவன்

அந்த மண் பாதையில் நடக்கக் கிளம்பியதிலிருந்தே எனக்குக் கோபம்தான். துபாய்க்கு வடக்கே, ராஸ் அல் கைமாவின் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே கல் குவாரியும் எங்கள் கேம்பும். அங்கிருந்து கடலோரத்தில் இருக்கும் இன்னொரு சின்ன ஊருக்கு மச்சான் நடக்கப் போகிறான். அதுவும் வெறுங்காலோடு, தலையில் பால்குடத்தோடு. துணைக்கு நான்.

மச்சான் என்றால் சொந்தம் இல்லை. இரண்டு பேரும் புதுக்கோட்டைப் பக்கம், ஒரே ரூம், ஒரே டூட்டி. அவனுடைய மகளுக்கு மறுநாள் காலை மதுரையில் இதய ஆபரேஷன். லீவு கேட்டுப் பார்த்தான், கிடைக்கவில்லை. ஊரில் இருந்திருந்தால் விராலிமலைக்குப் பால்குடம் எடுத்திருப்பான். கடலோர ஊரில் நம்ம ஆட்கள் வாடகைக்கு இருக்கும் ஒரு வீட்டில் முருகன் படம் மாட்டியிருக்கிறது. அதுதான் விராலிமலை என்று முடிவு செய்துவிட்டான். வழியில் வண்டி ஏறக்கூடாது, குடத்தைத் தரையில் வைக்கக்கூடாது.

"முருகனுக்கு இங்க விசா இருக்காடா?" என்று கேட்டேன். அவன் குடத்தைத் தலையில் ஏற்றினான்.

பெரிய ரோட்டில் போனால் குவாரி லாரிகள் நசுக்கிவிடும். அதனால் வறண்டு கிடந்த காட்டாற்றை ஒட்டிய பாதையில் இறங்கினோம். லாரிகள் சிந்திய ஜல்லியும் கருவேல முள்ளும் பாதை முழுக்கக் கிடந்தன. கொஞ்ச தூரத்திலேயே அவன் பாதம் கிழிந்து, வைத்த அடியெல்லாம் ரத்தம். நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு பின்னால் திட்டிக்கொண்டே போனேன். பேரீச்சந்தோட்டத்து மதிலைத் தாண்டி, ஓர் ஆட்டுப் பண்ணையின் கம்பி வேலி ஓரமாகத் திரும்பினோம்.

நாய்கள் வேலிக்கு அடியிலிருந்து வந்தன. குரைத்திருந்தால் சுதாரித்திருப்போம். சத்தமே இல்லாமல் வந்து முதல் நாய் அவன் கெண்டைக்காலைக் கவ்வியது.

"குடத்தப் போட்டுட்டுக் கல்ல எடுடா!" என்று கத்தினேன்.

அவன் போடவில்லை. இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்தபடி, "முருகா, முருகா" என்று அலறினான். இன்னொரு நாய் தொடையில் தொங்கியது. மஞ்சள் வேட்டி கிழிந்து சதை தெரிந்தது. பால் அவன் நெற்றியில் வழிய, கீழே ரத்தம் ஓட, அந்தப் பைத்தியக்காரன் நின்றுகொண்டே இருந்தான். தொடையில் தொங்கிய நாயின் மண்டையில் கல்லால் அடித்தேன். விடவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். எலும்பு உடைவது கையில் தெரிந்த பிறகுதான் பல்லின் பிடி விட்டது. மற்றவை என் மேல் பாய்ந்தபோது, பண்ணைக்குத் தீவனம் கொண்டுவந்த ஒரு பட்டாணி, பாகிஸ்தான்காரர், பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு மண்வெட்டியோடு குதித்தார். கண்மண் தெரியாமல் வீசினார். ஒன்று அங்கேயே சுருண்டது, மிச்சம் ஓடின.

"யல்லா, ஜல்தி, வண்டியில ஏத்து" என்று அரபியும் இந்தியும் கலந்து கத்தினார். தொடையிலிருந்து ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"வண்டி ஏற மாட்டேன்டா மாப்ள. ஏறுனா எம்புள்ள போயிரும்."

கன்னத்தில் அறைந்தேன். அசையவில்லை. மூக்கில் குத்தினேன். அப்போதும் குடம் ஆடவில்லை. பட்டாணிதான் பக்குவமாகக் கையை நீட்டிக் குடத்தை வாங்கி, முன் சீட்டில் வைத்து பெல்ட்டையும் போட்டார். கை காலியானதும் மச்சான் என் கழுத்தைப் பிடித்தான். கொன்றுவிடுவான் என்றே நினைத்தேன். அவன் காயத்திலேயே முட்டியால் இடித்து, சுருண்டவனை வண்டியின் பின்னால் தூக்கிப் போட்டு, மேலே ஏறி உட்கார்ந்து, என் சட்டையால் தொடையை இறுக்கிக் கட்டினேன். வழி முழுக்க என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாகர்கோவில் நர்ஸ், "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா ஆளு தப்பியிருக்க மாட்டாரு" என்றார். தையல் போட்டார்கள், வெறிநாய் ஊசி போட்டார்கள். அப்போது அவன் மனைவியின் போன் வந்தது.

"போய்ச் சேந்துட்டீங்களா? சாமிக்குப் பால் ஊத்தியாச்சா?"

அவன் என்னைப் பார்த்தபடி, "ஊத்தியாச்சு" என்றான். போனை வைத்தான்.

"உன் உசுரக் காப்பாத்தியிருக்கேன்டா" என்றேன்.

"என் உசுர யாருடா கேட்டா? எம்புள்ள உசுரயில்ல கேட்டேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்கியது. என் வாழ்க்கையில் அத்தனை கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. டாக்டர்கள்தான் காரணம் என்று யாரிடமும் சண்டை போட்டுச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்?

பட்டாணி வெளியே காத்திருந்தார். குடத்தில் பாதிப் பால் மிச்சம் இருந்தது. நாய் கடித்த அதே இடத்தில் இறக்கிவிடச் சொன்னேன். ஏதோ புரிந்தவராக மண்வெட்டியை நீட்டினார். குடத்துக்கே இரண்டு கையும் வேண்டும், அதைப் பிடிக்க எனக்குக் கை ஏது? பூட்ஸை அவர் வண்டியிலேயே போட்டுவிட்டுக் குடத்தைத் தலையில் ஏற்றினேன். ஜல்லி பாதத்தில் ஏறியது.

பண்ணை தாண்டுவதற்குள் வேலிக்கு அடியில் மூச்சுச் சத்தம் கேட்டது. காலடியிலேயே நல்ல கல் கிடந்தது. குனிந்தால் பால் சிந்தும். நான் குனியவில்லை.