விசாரிங்க, நான் உட்கார்ந்திருக்கேன்

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், போர்ட் பிளேயரில் நடந்தது இது. எந்தக் காவல் நிலையம் என்று எழுதப்போவதில்லை. அதே ஆட்கள்தான் இன்னும் அங்கே இருக்கிறார்கள், நானும் அந்த வழியாகத்தான் தினமும் வண்டி ஓட்டுகிறேன்.

நான் மீன் வண்டிக்காரன். வீடு டாலிகஞ்சில். விடிவதற்குள் வண்டூர் கடற்கரைக்குப் போய் மீன் ஏற்றிவந்து டவுன் கடைகளுக்குப் போடுவேன். படிப்பு பாதியில் நின்றாலும் உங்கள் வாய் நிற்கவில்லை என்பாள் என் மனைவி. வழியில் கை காட்டுகிற யாரையும் ஏற்றிக்கொள்வேன். பெங்காலியோ, தெலுங்கரோ, ராஞ்சிக்காரரோ, எனக்குத் தெரிந்த இந்தியில் பேர் கேட்பேன், ஊர் கேட்பேன், உங்கள் பாஷையில் இதற்கு என்ன பழமொழி என்று கேட்பேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அன்று மீன் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் நின்றது. "வண்டூர் மீன் வண்டி நீதானே? ஏறு." எதற்கு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. போனை வாங்கிக்கொண்டார்கள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். குழாயைக்கூட மூடவில்லை.

லாக்-அப்பில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். சுவரில் சாய்ந்து, கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டியபடி. தெலுங்குக்காரன், பார்க்கப் பையன் மாதிரி இருந்தாலும் கல்யாணமானவன், படகில் கூலிக்குப் போகிறவன். சில தடவை என் வண்டியில் ஏறியிருக்கிறான். என்னைப் பார்த்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அண்ணா, மாஃப் கரோ, மன்னிச்சிடுங்க. உங்க பேரச் சொல்லிட்டேன்."

அவன் இந்தியிலும் தெலுங்கிலும் விக்கி விக்கிச் சொன்னது இதுதான். யாருடைய படகிலோ என்ஜின் திருடு போயிருக்கிறது. அந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறவன் என்பதால் முந்தின நாள் இவனைத் தூக்கிவந்திருக்கிறார்கள். கூட்டாளி யார், எந்த வண்டியில் ஏற்றினாய் என்று கேட்டு உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள். நான் எடுக்கவில்லை என்றபோதெல்லாம் அடி தொடர்ந்தது. ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால்தான் நிற்கும் என்று அவனுக்குப் புரிந்தபோது, அவனுக்குத் தெரிந்த வண்டி ஒன்றே ஒன்றுதான். சொன்னான். அடி நின்றது.

அவன் கழுத்தைப் பிடிக்கலாம் போல எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அவன் பாதத்தைப் பார்த்தேன். மேலே ஒரு கீறல் கிடையாது. அடிப்பக்கம் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் மினுங்கியது. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஏட்டு வந்தார். நம் தமிழ்க்காரர்தான்.

"என்ன மீன்காரரே, ஊருக்குள்ள ரொம்பப் பேசுவியாமே? இங்க பேசு, கேப்போம்."

"சார், சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"எல்லாவனும் மொதல்ல இதத்தான் சொல்றான். அடியாத மாடு படியாதுய்யா. செருப்பக் கழட்டி வெச்சுட்டு உக்காரு. சாப்ட்டு வந்துடறேன்."

அந்தப் பழமொழியை டீக்கடையில் நானே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். மாட்டின் பக்கம் இருந்து அதைக் கேட்பது அன்றுதான் முதல் தடவை.

செருப்பைக் கழற்றி வைத்தேன். பக்கத்து அறையில் டிபன் கேரியரைத் திறக்கும் சத்தம் கேட்டது. மீன் குழம்பு வாசனை வந்தது. ஒருவர் சாப்பிட்டு முடிப்பதை அவ்வளவு பயத்தோடு நான் கேட்டுக்கொண்டிருந்ததே இல்லை. அப்புறம் ஏட்டு கை கழுவும் தண்ணீர்ச் சத்தம்.

அதே நேரம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நனைந்த குடையை மடக்கிக்கொண்டு ஒரு அம்மா உள்ளே வந்தார். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. வக்கீல் என்று பின்னால்தான் தெரிந்தது. லாக்-அப்பையும் ஜெயிலையும் நேரில் போய்ப் பார்த்து வருவதற்கென்று ஒரு குழு இருக்கிறதாம், அதில் அவர் ஒருவர். அடையாள அட்டையைக் காட்டியதும் இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

"மேடம், ஏக் போன் கர் தேதே! ஒரு போன் பண்ணியிருந்தா சாய் சொல்லி வெச்சிருப்பேனே."

"அதுக்குத்தான் சார் போன் பண்றதில்ல. லாக்-அப்பப் பாக்கணும்."

"மொதல்ல ஆபீஸ்ல உக்காருங்க மேடம். புது கம்ப்யூட்டர் ரூம் கட்டியிருக்கோம்."

"கம்ப்யூட்டர யாரும் அடிக்க மாட்டாங்க சார். லாக்-அப் எந்தப் பக்கம்?"

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

கதவைத் திறக்கச் சொன்னார். போலீஸ்காரர்களை, எங்களைப் பார்க்கிற தூரத்தில் நிற்கலாம், பேச்சு கேட்கிற தூரத்தில் நிற்கக் கூடாது என்று தள்ளி நிறுத்தினார். பிறகு எதிர்ச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, எந்திரிச்சு இங்க வாங்க" என்றார். போனேன். என் கால்களைத்தான் பார்த்தார். அடுத்து அவனைக் கூப்பிட்டார்.

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். உள்ளங்கால் தரையில் படாமல், பாதத்தின் ஓரத்தில் நடக்கப் பார்த்தான். பாதி வழியில் முட்டி மடிந்து உட்கார்ந்துவிட்டான்.

"படகுல வழுக்கி விழுந்துட்டான் மேடம்" என்று தூரத்திலிருந்து ஏட்டு குரல் கொடுத்தார்.

அந்த அம்மா எழுந்து வந்து அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அவன் வேண்டாம் வேண்டாம் என்று கூச, பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துப் பார்த்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"விழுந்தா முட்டி தேயும், முழங்கை தேயும். உள்ளங்கால் மட்டுமா ஏட்டய்யா விழும்?"

ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டார்கள். பிறகு என்னைக் காட்டி, "இவர எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"விசாரணைக்கு மேடம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"விசாரிச்சாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப விசாரிங்க, நான் உட்கார்ந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டருக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. கடைசியில், என்ஜின் காணாமல் போன ராத்திரி உன் வண்டி எங்கே இருந்தது என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று வண்டி பிரேக் போய் மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது. மறுநாள் சாயங்காலம்தான் எடுத்தேன். மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். ஆமாம் என்றார். அவ்வளவுதான், நீ போகலாம் என்றார்கள். அந்த ஒரு கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் வரை அந்த அம்மா அங்கிருந்து நகரவில்லை. வாசலில் கை கூப்பிக் கேட்டேன், "யாரும்மா உங்களுக்குச் சொன்னது? என் சம்சாரமா?"

"யாரும் சொல்லலண்ணே. யாராச்சும் சொல்லித்தான் வரணும்னா, சொல்ல முடியாதவங்கள யார் பாக்கறது? எங்களுக்கு இது சும்மா வர்ற நாள்தான்." குடையை விரித்துக்கொண்டு மேலும் சொன்னார், "இன்னிக்கு வேற ஸ்டேஷனுக்குத்தான் கெளம்பினேன். அந்த ரோட்டுல தண்ணி நிக்குது, வர மாட்டேன்னுட்டாரு ஆட்டோக்காரரு." அவனோடு ஆஸ்பத்திரி வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் திறந்துவிட்டுப் போன குழாயை மூடிவிட்டு மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இனி எவன்கூடவும் பேசாம ஓட்டுங்க" என்றாள்.

அவனுக்கு ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். பாதத்தில் எலும்பு விரிசல் விட்டிருந்தது. இனி ஆடுகிற படகில் நின்று வலை இழுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். அந்த அம்மா கேஸ் போட்டிருக்கிறார், அது நடந்துகொண்டிருக்கிறது. அவன் விசாகப்பட்டினம் கப்பலில் ஊருக்குப் போனான். ஏற்றிவிடப் போயிருந்தேன். படிக்கட்டில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாக ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. என்ஜினை எடுத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

எனக்கு அந்த அம்மா நேரத்துக்கு வந்தார். அவனுக்குத் தாமதமாக வந்தார். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் அவன் இன்றும் படகில் நின்றிருப்பான். ஏட்டு கையைத் துடைத்துக்கொள்ளும் நேரம் பிந்தி வந்திருந்தால், நானும் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லியிருப்பேன். எனக்கு இந்தத் தீவில் தெரிந்தவர்கள் அதிகம். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறவரைப் பார்க்கும்போதெல்லாம், அன்று நான் சொல்லியிருக்கக்கூடிய பெயர் இவருடையதாக இருந்திருக்குமோ என்றுதான் இன்றும் தோன்றுகிறது.