மஞ்சள் விளக்கை அணைத்தவர்

பைக்கில் சாவியைத் திருப்பினால், வேகம் காட்டும் கண்ணாடிக்குள் இன்ஜின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். வண்டி கிளம்பியதும் அது அணைந்துவிட வேண்டும். அணையாமல் நின்றால் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம். சுண்டுவிரல் நகமளவு விளக்குதான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவருடைய முகம் நினைவுக்கு வந்து வாயெல்லாம் கசந்துபோகிறது. எங்கள் பக்கத்தில் அவரைச் ‘சிப்பு சார்’ என்பார்கள். என்ன சாரோ, எவர் கொடுத்த சாரோ. ஆனாலும் எல்லோரும் சொல்லிச் சொல்லி எனக்கும் அப்படியே வருகிறது.

ஆந்திர எல்லையோரம் எங்கள் விஜயபுரம் பக்கத்து ஊர்களிலிருந்து பாதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பிப் போன காலம் அது. போனவர்கள் அனுப்பிய பணத்தில் பைக்குகள் வந்தன. கார்புரேட்டர் போய், பெட்ரோலை அளந்து தெளிக்கிற இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்தன. எவ்வளவு தெளிக்க வேண்டும், தீப்பொறி எப்போது தட்ட வேண்டும் என்பதெல்லாம் வண்டிக்குள் இருக்கும் ஒரு சிப்பில் எழுதியிருக்கும். அதை அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினால் வண்டி சீறிக்கொண்டு போகும். துபாயில் இருந்துவிட்டு ஒரு லேப்டாப்போடு திரும்பிய சிப்பு சார், திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் கண்ணாடிக் கதவும் ஏசியுமாகக் கடை போட்டு அந்த வேலையைத்தான் செய்தார். தமிழரிடம் தமிழ், தெலுங்கரிடம் தெலுங்கு, இரண்டு பேரையும் மடக்க நடுநடுவே இங்கிலீஷ். லேப்டாப்புக்கு விபூதிப் பட்டையும் குங்குமமும் வைத்திருப்பார். வருகிறவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா, பெங்களூரில் ஒருவர் ஓட்டிக் கழித்த இன்ஜெக்‌ஷன் பைக்கை வாங்கி வந்தார். தண்ணீர் சுற்றிவந்து இன்ஜினைக் குளிர வைக்கிற வகை. கொஞ்ச நாளில் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிய ஆரம்பித்தது. தண்ணீர் போகிற ரப்பர் குழாய் கசிகிறது, புதுசு மெட்ராசிலிருந்து வர வேண்டும், அதுவரை வண்டியை எடுக்காதே என்று நகரி மெக்கானிக் சொல்லிவிட்டார். அக்கா மகனுக்குத் திருமலையில் முதல் மொட்டை போட வேண்டியிருந்தது. புது வண்டியில்தான் மலையேறுவேன் என்று மாமா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். விளக்கு எரிகிற வண்டியில் போவது அபசகுனம் என்று மாமாவின் அம்மா வேறு முகத்தைச் சுளித்தார்.

எனவே மாமா சிப்பு சாரிடம் போனார். அன்று எனக்கு விடுமுறை, நானும் கூடப் போனேன். அப்போது நான் சத்தியவேடு பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் லைனில் நின்றுகொண்டிருந்தேன். சோதனையில் தேறாமல் சிவப்பு விளக்கு எரிந்த போர்டைத் தனியே எடுத்து வைப்பதுதான் என் வேலை. சிப்பு சார் வண்டியைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இருக்கைக்கு அடியில் ஒயரை மாட்டினார், லேப்டாப்பைத் தட்டினார், டீ வரவழைத்துக் குடித்தார். குழாய் கசிகிறதாமே என்று நான் கேட்டேன். என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்துச் சொன்னார்:

“எரியறதுதானே உங்களுக்குத் தொந்தரவு? இனிமே எரியாது.”

எரியவில்லை. சாவி போட்டபோதுகூட எரியவில்லை. கோளாறு அப்படியே இருக்க, அதைச் சொல்லுகிற வாயை அடைத்துவிட்டார். எங்கள் கம்பெனியில் அப்படிச் செய்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் எங்கே கேட்டார்? விளக்கு அணைந்ததை, சாமியே வரச்சொல்லி உத்தரவு கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். அவர் அம்மா வண்டிக்குக் கற்பூரம் சுற்றினார், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். விளக்கை அணைத்துவிட்டு வண்டிக்கு ஆரத்தி எடுத்த கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மலையேறிய அன்று மாமா ஓட்ட, குழந்தை முன்னால், அக்கா பின்னால். நானும் மற்றவர்களும் பஸ்ஸில் வந்தோம். பாதி மலையில் பஸ் நின்றது. எட்டிப் பார்த்தால் வளைவில் அவர்கள் வண்டி சாய்ந்து கிடக்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் கொதித்து இறுகிப்போய், பின்சக்கரம் சுற்றாமல் இழுபட்டு, மூன்று பேரும் விழுந்திருக்கிறார்கள். குழந்தைக்குச் சிராய்ப்பு. அக்கா கைப்பிடிச் சுவரில் மோதி இடது முழங்கை நொறுங்கிப்போயிருந்தாள். இன்ஜினிலிருந்து கருகிய வாடை வந்துகொண்டிருந்தது. குழந்தை அப்பாவைப் பார்த்து, “நைனா, வண்டி ஏன் அழுவுது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரிக்குச் சிப்பு சார் ஆப்பிளோடு வந்தார். மாமா எழுந்து தன் ஸ்டூலை அவருக்குக் கொடுத்தார். ஒரு மன்னிப்பு, ஒரு வருத்தம், ஒன்றும் கிடையாது. சௌகரியமாக உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் அக்கா காதில் விழும்படி மாமாவிடம் கேட்டார்:

“மலைக்குப் போற வண்டி. தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு வீட்டம்மா சுத்தபத்தமா இருந்தாங்களா?”

மாமா திரும்பி அக்காவைப் பார்த்தார். மாமாவின் அம்மாவும் பார்த்தார். கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நான் சுத்தமாத்தான் இருந்தேன்,” என்றாள் அக்கா. அந்த ஆள் கேட்டதைவிட, அவள் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவந்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. நான் ஆப்பிள் பையை எடுத்து அவர் மடியில் வைத்து, கிளம்புங்கள் என்றேன். மரியாதை தெரியாத பெண் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நகரி மெக்கானிக் இன்ஜினைப் பிரித்தார். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். பார்த்தார்கள், தலையாட்டினார்கள், வீட்டுக்கு வந்ததும் பழையபடி அக்காவின் பக்கமே பார்த்தார்கள். இன்ஜினைச் சரிபண்ணியபின் அக்கா கேட்டது ஒன்றே ஒன்று, அந்த விளக்கைத் திரும்ப எரிய வைக்க வேண்டும். வேறு யாரும் மாற்றி எழுத முடியாதபடி சிப்பைப் பூட்டி வைத்திருந்தவர் சிப்பு சார்தான். அவரிடம் போய்க் கேட்க மாமாவுக்கு மனசில்லை. “எரியலன்னா நிம்மதிதானே,” என்று முடித்துவிட்டார். இன்று அந்த ஆளுக்கு இரண்டு கடை. எங்கள் பக்கத்துப் பைக்குகள் பலவற்றில் சாவி போட்டால் அந்த இடம் இருட்டாகவே இருக்கிறது. அதற்காக யாரும் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

போன வாரம் அக்காவைப் பஸ் ஸ்டாண்டில் விட என் ஸ்கூட்டரை எடுத்தேன். நீட்ட வராத இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

“இரு. சாவி மட்டும் போடு. பாத்துக்கினு ஏறறேன்.”

மஞ்சள் விளக்கு எரிந்தது. குனிந்து பார்த்தாள். வண்டியைக் கிளப்பினேன், அணைந்தது. அதையும் பார்த்துவிட்டு, மடங்கிய கையை என் தோளில் வைத்து ஏறிக்கொண்டாள். வாசலில் மாமாவின் பைக் துடைத்து மினுக்கி நின்றது. மலையிலிருந்து இறங்கிய நாள்முதல் அக்கா அதில் உட்கார்ந்ததில்லை. ஏன் என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதுமில்லை.