மூன்று ஸ்க்ரூ மூடி

அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் ஒரிஜினல். தண்ணீர் வாரியத்தின் மீட்டர் பட்டறையில் முப்பத்தோரு வருடம் வேலை. வீட்டு மீட்டர்கள் கூடுதலாகவும் ஓடக்கூடாது, குறைவாகவும் ஓடக்கூடாது என்று பார்ப்பது உத்தியோகம். பழைய மோட்டார் சைக்கிள்களைக் கம்பெனி வாசலை விட்டு வெளியே வந்த அன்று இருந்த கோலத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவது பைத்தியம். போல்ட்டின் தலையில் என்ன எழுத்து இருந்ததோ அதே எழுத்துள்ள போல்ட்டுக்காக நாலு மாதம் காத்திருப்பார். வேறு போல்ட் போட்ட வண்டியை யாராவது கொண்டுவந்தால், துக்க வீட்டுக்குள் விசிலடித்துக்கொண்டு நுழைந்தவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். இத்தனைக்கும் அவர் வாயில் முன்பல் இரண்டும் கட்டினவை. பல் டாக்டர் அதைச் சொல்லிச் சிரித்தபோது, "பழைய மாடல் ஸ்டாக் இல்லன்னுட்டாங்களே டாக்டர், என்ன பண்றது?" என்றார்.

இன்னொரு விநோதமும் அவரிடம் உண்டு. எந்த மோட்டார் ஓடினாலும் அவர் காதில் விழாது, நின்றால் விழும். ஃபிரிட்ஜ் ஓடி முடித்து அடங்கும். மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் நிற்கும். தெருவில் யாரோ பார்சல் கொடுக்க வந்தவன் வண்டியை அணைப்பான். ஒவ்வொரு தடவையும் அவர் கழுத்து வெடுக்கென்று திரும்பும். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாத மனிதர். சத்தம் போடும் பேயாக இருந்தால் ஸ்பேனரோடு போய் ஒரு கை பார்த்திருப்பார். சத்தம் நின்றுபோவதையே பிழைப்பாக வைத்திருக்கும் பேயை எங்கே என்று தேடுவது?

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில், அவருக்குப் பின்னால் ஓர் இன்ஜின் நின்றது. ஓட்டியவர் அவருடைய அண்ணன். ட்ரையல்ஸ் என்று ஒரு பந்தயம் உண்டு. பந்தயம் என்ற பெயர்தான். அதில் வேகத்துக்கு மரியாதை இல்லை. பாறைமேலும் பள்ளத்திலும் மோட்டார் சைக்கிளில் நின்றபடியே, தரையில் கால் ஊன்றாமல், ஊர்ந்து போக வேண்டும். கால் பட்டால் அட்டையில் ஒரு குறி. குறைந்த குறி வாங்கியவர் ஜெயித்தவர். அண்ணன் அந்த விஷயத்தில் மகா பிடிவாதக்காரர்; விழுந்தாலும் விழுவாரே தவிரக் கால் ஊன்ற மாட்டார். அன்று ஆளுயரப் பாறையில் வண்டி ஏறிக்கொண்டிருந்தது. தம்பி திரும்பி நின்று, கொண்டுவந்த குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தார். பாதிப் பாறையில் சத்தம் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டி மேலே, அண்ணன் கீழே.

வண்டி லாரியில் வீடு வந்தது. பின்கட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் போனது. முன்வீட்டில் அண்ணியும் மகளும். பக்கத்து அறையில் கல்யாணம் காட்சி இல்லாத தம்பி. ஊரில் உள்ள துருப்பிடித்த வண்டிகளையெல்லாம் உயிர்ப்பித்தவர், இந்தத் தார்ப்பாயை மட்டும் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பாசம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் மறுக்கவில்லை. மரியாதையான பொய்யை யார் வந்து மறுப்பார்கள்?

மகளுக்கு இப்போது இருபத்தேழு. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை; மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பவள். அப்பாவிடமிருந்து அவளுக்கு வந்த சொத்து பிடிவாதம். ட்ரையல்ஸ் கிளப்பில் சேர்ந்து இரண்டு வருடமாக இரவல் வண்டியில் ஓட்டிக்கொண்டிருந்தவள், ஒருநாள் தார்ப்பாயை உருவித் தரையில் போட்டாள்.

"சித்தப்பா, பழைய வண்டிகளுக்குன்னு தனியா ஒரு போட்டி வெக்கிறாங்க. இத ரெடி பண்றோம். முன்னாடி டிஸ்க் பிரேக், புது கார்புரேட்டர், ஃபுட்ரெஸ்ட்ட ரெண்டு இஞ்ச் பின்னால தள்ளணும்."

"அதுக்குப் பேசாம புது வண்டி வாங்கிக்க. இதுல இருக்கிற எதையாவது பின்னால தள்ளுற வேலை எங்கிட்ட நடக்காது."

"நான் ஓட்டப்போறேன் சித்தப்பா. மியூசியத்துல வெக்கப்போறதில்ல."

"மியூசியத்துக்கு என்ன குறைச்சல்? அங்க யாரும் விழறதில்ல."

வாய் தவறி வந்துவிட்ட வார்த்தை. இருவரும் டயரைப் பார்த்தார்கள்.

மூன்று மாதம் சண்டையும் வேலையுமாகப் போனது. பழைய பிரேக் பிழைத்தது. ஃபுட்ரெஸ்ட் தோற்றது, ஒன்றரை இஞ்சுக்குச் சமரசம் ஆனது. டேங்கில் இருந்த நசுங்கலைத் தட்டி எடுக்க அவர் சுத்தியலை ஓங்கியபோது அவள் தடுத்தாள். அது அப்பாவின் முழங்கால் பட்ட இடம். "கம்பெனி டேங்க்ல நசுங்கல் கிடையாதும்மா" என்றார். "கம்பெனில அப்பாவும் கிடையாது" என்றாள். நசுங்கல் தங்கிவிட்டது. பழையபடி ஆக்குவது என்றால் எந்தப் பழையபடி என்ற கேள்வி அவருக்கு அன்றுதான் முதலில் உறைத்தது. உறைத்ததை வழக்கம்போல் ஒரு துணியால் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

கடைசியில் மிஞ்சியது இன்ஜினின் இடது பக்கத்தில் இருந்த வட்ட மூடி. மூன்று ஸ்க்ரூ. அதற்குள்ளேதான் பாயின்ட் என்ற சமாசாரம்: மிளகளவு இரண்டு உலோக முனைகள், ஒவ்வொரு சுற்றிலும் விலகிச் சேர்ந்து நெருப்புப் பொறிக்கு வழி செய்பவை. அவற்றின் இடைவெளியைப் பிடித்து வைப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ. அது தளர்ந்தால் இடைவெளி போகும், பொறி போகும், இன்ஜின் நிற்கும்.

"இந்த பாயின்ட்டுக்குப் பதிலா எலக்ட்ரானிக் செட் வாங்கிப் போட்டுடலாம்" என்றார் ஒரிஜினல்.

அவள் தலையைத் தூக்கினாள். "யாரு, நீங்களா சொல்றது?"

"காலம் மாறிடுச்சில்ல?"

"போன வாரம் ஒரு வாஷருக்கு எங்கிட்ட ரெண்டு நாள் பேசாம இருந்தீங்க. ஒரு வாரத்துல காலம் மாறிடுச்சா?"

மறுநாளே செட் வாங்கி வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெட்டியை மேஜைமேல் வைத்து, "சரி, மூடியக் கழட்டுங்க" என்றாள்.

"நம்ம கழட்ட வேணாம். மார்க்கெட் பக்கத்துல இருக்கிற மெக்கானிக்கிட்ட வண்டியக் குடுத்துடலாம்."

"அந்த ஆளு ஸ்க்ரூவ சுத்தியலால கழட்டுறவன்னு சொன்னது யாரு?"

"திருந்தியிருப்பான்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேசிப் பழகியவள். எதிராளி தானாகப் பேசும்வரை காத்திருக்கத் தெரியும்.

"உங்கப்பா விழுந்ததுக்கு முந்தின நாள் சாயங்காலம் நான்தான் பாயின்ட் வெச்சேன்" என்றார் அவர், மூடியைப் பார்த்துக்கொண்டே. "யாரோ கூப்பிட்டாங்க, எழுந்து போனேன். வந்து மூடிய மாட்டிட்டேன். நடுவுல அந்த ஸ்க்ரூவ முறுக்கினேனா இல்லையான்னு... எனக்குத் தெரியலம்மா."

"ஒரு நிமிஷ வேலை. தொறந்து பாத்திருக்கலாமே."

"பாத்திருக்கலாம்."

பதினெட்டு வருடத்தில் எத்தனை நிமிடம் என்று இருவருமே கேட்கவில்லை. அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினாள்.

மூன்று ஸ்க்ரூவும் சொன்ன பேச்சு கேட்டுக் கழன்றன. அவர் குனிந்தார். உள்ளே ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது. அவருடைய பழக்கம் ஒன்று உண்டு: எதை முறுக்கினாலும், ஸ்க்ரூ தலையிலிருந்து தகடுவரை சிவப்பு பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிடுவார். பிறகு யாராவது திருப்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அந்தக் கோடு இருந்தது. ஆனால் உடைந்திருந்தது. தலையில் இருந்த பாதி ஒரு பக்கம், தகட்டில் இருந்த பாதி இன்னொரு பக்கம். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டை முனைகளுக்கு நடுவே விட்டுப் பார்த்தார். கம்பெனி சொன்ன அளவும் இல்லை, அவர் வைக்கும் அளவும் இல்லை. அகலம் அதிகம்.

"முறுக்கியிருக்கேன்" என்றார். "எனக்கப்புறம் யாரோ திருப்பியிருக்காங்க."

"அவர்தான்."

வாசலில் அண்ணி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கையில் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளும் சிவப்புப் பேனாவும் அப்படியே இருந்தன. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"அன்னிக்குக் காலையில கிளம்பறதுக்கு முன்னால தொறந்தார். 'தம்பி எப்பவும் இறுக்கமா வெக்கிறான், கொஞ்சம் காத்தாட விடணும்'னார். முனை கருத்திருக்குன்னு சொல்லி, நான் நகம் தேய்க்கிற அரத்த வாங்கித் தேய்ச்சார். நான்தான் எடுத்துக் குடுத்தேன்." அண்ணி சிவப்புப் பேனாவை மூடினார். "அந்த அரத்துத் தூள் உள்ள போய்த்தான் நின்னுதோன்னு... உங்ககிட்ட எப்படித் தம்பி கேக்கறது?"

"கேட்டிருக்கலாமே அண்ணி."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"தூளெல்லாம் ஒண்ணும் பண்ணாது. நான் வெச்சது சரியில்லாமத்தான அவன் தொறந்தான்?"

"நான் அரம் குடுக்காட்டி மூடிட்டுப் போயிருப்பார்."

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லுக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்வது போல இருவரும் பழியைத் தன் பக்கம் இழுத்தார்கள். விட்டுக்கொடுக்க யாருக்கும் மனமில்லை. விட்டால் கையில் வேறென்ன இருக்கும்?

"நிறுத்துங்க ரெண்டு பேரும்" என்றாள் மகள். "அப்பா வெச்ச அளவு அப்படியே இருக்கு. ஸ்டார்ட் பண்ணிப் பாத்தா தெரிஞ்சிடும். அன்னிக்கு எத்தன நிமிஷத்துல நின்னுது?"

"இருபது. மிஞ்சிப் போனா இருபத்தஞ்சு" என்றார் ஒரிஜினல்.

முனைகளைத் துடைத்தார்; ஸ்க்ரூவைத் தொடவில்லை. அரை லிட்டர் ஊற்றினார். பத்துப் பன்னிரண்டு உதைக்குப் பிறகு வண்டி இருமி, உறுமி, ஸ்டாண்டில் நின்றபடி ஓடத் தொடங்கியது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். அதே சத்தம். யாரும் உட்காரவில்லை. பத்து நிமிடம். பதினைந்து. கொட்டகைக் கதவையெல்லாம் திறந்துவிட்டும் புகை மண்டியது. இருபது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது. இருபத்தைந்து. முப்பது. வண்டி யாரையும் சட்டை செய்யாமல் ஓடிக்கொண்டே இருந்து, நாற்பதாவது நிமிடம் பெட்ரோல் தீர்ந்து அடங்கியது.

"அப்போ அன்னிக்கு ஏன் நின்னுது?" என்றார் அண்ணி.

எந்த வண்டி ஏன் நின்றது என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடும் மனிதர், "தெரியல அண்ணி" என்றார்.

"ஸ்டாண்ட்ல சும்மா நிக்கிற வண்டி எதையும் சொல்லாது" என்றாள் மகள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். அது அண்ணனுடையது, அவருக்கு நன்றாகத் தெரியும். "பாறை ஏறணும், பாரம் விழணும். இன்னொரு லிட்டர் ஊத்துங்க. இதே பாயின்ட்டோட குவாரிக்குக் கொண்டு போறேன். ஏத்திப் பாத்தா நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

வேண்டாம் என்று அண்ணி சொல்வார் என்று எதிர்பார்த்தார். அண்ணி சொல்லவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு நின்றார், பதில் தெரியப்போகிற முகத்தோடு. அதைவிடப் பெரிய பயம் தன் கையைப் பார்த்தபோது வந்தது. அந்தக் கை பெட்ரோல் கேனை ஏற்கெனவே எடுத்திருந்தது.

கேனைக் கீழே வைத்தார். கட்டிங் பிளேயரை எடுத்தார். பாயின்ட்டுக்கு வரும் கறுப்பு வயரை, துணி உறை சுற்றின, இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காத வயரை, நறுக்கென்று வெட்டினார்.

"ஐயோ, ஒரிஜினல் வயர் சித்தப்பா அது!"

"ஆமா." ஸ்க்ரூவைக் கழற்றினார். தகடு இடம் மாறியது. அண்ணன் வைத்த அளவு போயே போயிற்று. "உங்கப்பன் ஏன் விழுந்தான்னு தெரிஞ்சுக்க உன்ன ஏத்தி விட மாட்டேன். பெட்டியப் பிரி."

அட்டை கிழியும் சத்தம் கேட்டது.

"இனிமே தெரியவே தெரியாது, இல்ல தம்பி?"

"தெரியாது அண்ணி" என்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புது செட்டோடு வந்த விளக்கத் தாளை, வாழ்க்கையில் முதல் தடவையாக, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.