பற்றரியில் ஓடிய கோச்சி

நேற்று வேலணையில் போன் திருத்தும் கடையொன்றில் நின்றேன். ஈயம் உருகும் மணம் மூக்கில் ஏறியதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் கதிரையை இழுத்துப் போட்டார். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கு அது அத்தானின், அக்காவின் புருசனின், மணம். போர் முடிந்து, தடுப்பு முகாமிலிருந்து விடுபட்டு, அக்காவிடம் சரவணைக்கு வந்திருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நேரில் கண்டால் நன்றாக விசாரிப்பார்கள். வேலை என்று வாயெடுத்தால் அவர்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். கோழி வளர்த்து அக்காதான் குடும்பத்தை ஓட்டினாள்.

அப்போது கொழும்பிலிருந்து மலிவான பெரிய பிளாஸ்டிக் விளையாட்டுக் கோச்சிகள் வந்தன. ரயிலுக்கு எங்கள் பக்கத்தில் கோச்சி என்றுதான் பெயர், தீவில் தண்டவாளமே இல்லாவிட்டாலும். எஞ்சின் மட்டும் முழங்கை நீளம். விளையாட்டுத் தண்டவாளத்தில் வரும் கரண்ட் அதன்மேல் உருளும் சில்லு வழியாக மோட்டருக்கு ஏற வேண்டும். எங்கள் உப்புக்காற்றுக்குத் தண்டவாளம் துருப்பிடித்து, எஞ்சின் விக்கி விக்கி நின்றுவிடும். அத்தான் சில்லிலிருந்து போன வயரை வெட்டினார். எஞ்சின் வயிற்றுக்குள் பற்றரி வைத்து, உடைந்த விளையாட்டுக் கார் ஒன்றின் றிமோட் பலகையை ஈயம் உருக்கி ஒட்டினார். துருவென்ன, மண்ணென்ன, அது பாட்டுக்கு ஓடியது. ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் மிச்ச எஞ்சின்களையும் மாற்றத் தருவதாக யாழ்ப்பாணத்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்.

அதை எடுத்துக்கொண்டு அக்கா, அத்தான், நான் மூவரும் பஸ் ஏறினோம். ஆமியின் சோதனைச் சாவடியான பண்ணைச் சென்றியில் இறக்கிச் சோதித்தார்கள். ஆமிக்காரன் எஞ்சினின் மூடியைக் கழற்றினான். பற்றரி, வயர், மினுங்கும் சின்ன விளக்கு. இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் தெரியும் என்று வீட்டில் ஒரு பெயர். வகுப்பில் படித்ததெல்லாம் எங்கே போனதோ, வாயில் வந்தது ஒரே சொல்.

"றிமோட்."

அந்தக் காலத்தில் சென்றியில் சொல்லக்கூடாத சொல் அது. றிமோட் என்றால் குண்டு. வரிசையில் நின்ற சனம் பின்னால் விலகியது. ஆமிக்காரனின் துவக்கு நிமிர்ந்தது. யாரும் சொல்லாமலே அத்தானின் இரண்டு கைகளும் தலைக்குப் போயின. திரும்பவும் முகாமுக்குக் கொண்டுபோனால் இந்த மனுசன் மிஞ்சமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா முன்னால் போனாள். "கோச்சி. சின்னப் பிள்ளையளின்ரை கோச்சி."

ஆமிக்காரன் அவளைப் பார்த்தான். "கோச்சியத?"

"ஓம், கோச்சி."

சிங்களத்திலும் அதற்கு அதுதான் பெயர். இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக அப்படி ஒரு சொல் கிடந்தது, படித்த எனக்குத் தோன்றவேயில்லை. றோட்டில் வைத்து ஓட்டச் சொன்னான். றிமோட்டின் பொத்தானை அமத்த அத்தானுக்கு விரல் மடங்கவில்லை. அக்கா தன் விரலை அவர் விரல்மேல் வைத்து அமத்தினாள். எஞ்சின் தள்ளாடிப் போய் ஆமிக்காரனின் சப்பாத்தில் முட்டியது. அவன் சிரித்தான். வரிசையும் சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கம் கெட்டவன்.

அத்தான் சிரிக்கவில்லை. யாழ்ப்பாண ரவுணுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸில் திரும்பினோம்.

"இனி இந்த வேலை எனக்கு ஏலாது," என்றார்.

பற்றரியைக் கழற்றி எஞ்சினை முன்பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் கயிறு கட்டி இழுத்தார்கள்.

இப்போது சென்றி நின்ற இடமே சரியாகத் தெரிவதில்லை. சாட்டிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் பாட்டைப் போட்டுக்கொண்டு நிற்காமல் போகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு உண்மையான கோச்சியும் வந்துவிட்டது. பிள்ளைகள் அதை ட்ரெயின் என்கிறார்கள். அத்தான் தோட்டம் செய்கிறார், நன்றாகத்தான் இருக்கிறார். பின்னேரம் செய்தி பார்க்க உட்காரும்போது மட்டும், ரீவி றிமோட்டை அக்காதான் அமத்த வேண்டும்.