கசந்த பீடி

விவசாயக் கல்லூரி ஆராய்ச்சிக்காக, ஒயினுக்கான திராட்சையின் நடவுக் குச்சிக்கட்டுகள் கப்பலில் வரும். பூச்சி சாக, ராயபுரத்தில் ஒரு கிடங்கில் விஷப்புகை போட்டுத்தான் கொடுப்பார்கள். வாங்கிவர நான்தான் போவேன்.

புகை போடுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். புருவமயிர் உதிர்ந்த முகம். கிடங்குக் கதவைத் திறந்துவிட்டு, வாசலில் நின்று பீடி பற்றவைப்பார். பீடி கசந்தால் உள்ளே இன்னும் விஷம் இருக்கிறதாம். கசப்பு போகிறவரை யாரையும் விடமாட்டார்.

அன்றும் அப்படித்தான். "இன்னும் கசக்குது சார். கொஞ்சம் குந்து."

"சோதனைக்கு நட்டுப் பாக்கக் குச்சி வாங்க நாளைக்குக் குடியானவங்க கல்லூரிக்கு வந்துடுவாங்க. இங்கயே கெடந்தா குச்சி காஞ்சிடும்ப்பா!" என்று எரிந்து விழுந்தேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார். கட்டுகளோடு வெளியே வந்தவர் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

"ஒன்னியும் இல்ல. நீ வண்டியப் புடி, சார்."

பிடித்தேன்.

ஏழு மாதம் கழித்து அடுத்த கப்பலுக்குப் போனபோது வேறொருவர் நின்றார். "அவரா? மூலக்கொத்தளத்துல பொதைச்சு ஆறு மாசம் ஆவுது" என்றார். எதனால் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் குச்சிகள் அத்தனையும் துளிர்த்தன. இன்னும் அரைமணி நேரம் பொறுத்திருந்தாலும் துளிர்த்திருக்கும்.