போர்வைக் கடையில் வாதாடிய என் மனைவி

கள்ளிக்குப்பத்தில் வசிக்கும் வழக்கறிஞராகிய நான், கீழ்க்கண்டவற்றை இன்று நேரில் கண்டேன்.

மனைவி மாலதியைப் புறநகர் மாலுக்கு அழைத்துச் சென்றேன். விலைச்சீட்டுகளைப் பார்த்தாள், வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

திரும்பும் வழியில் குமணன்சாவடி இரவுச் சந்தை. போர்வை விற்கும் காதர் பாயிடம் பேரம் தொடங்கியதும் அவள் முகம் மலர்ந்தது.

“இன்னா தங்கச்சி, என்னத் தெருவுல நிறுத்திடுவ போல கீது!”

“போன வாட்டியும் இதத்தான சொன்னீங்க பாய்!”

இருவரும் சிரித்தார்கள். பாய் விலையில் இறங்கி வந்தார். எனக்குப் பொறாமையாக இருந்ததை மறுப்பதற்கில்லை.

வண்டியில் கேட்டேன்: “எங்கிட்ட நீ இப்படி வாதாடினதே இல்லையே?”

“பாய் தோத்தாலும் சிரிக்கிறாரு. உங்களுக்குத் தோக்கவே தெரியாதே.”

மேல்முறையீட்டுக்கு வழியிருந்தால் நண்பர்கள் தெரிவிக்கவும்.

(ஒப்பம்) தனசேகரன்
சாட்சிகள்: காதர் பாய், மாலதி (பிறழ் சாட்சி)